ரத்தத்துக்கு அலங்காரம்

கிருமாம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தனக்கொடி சும்மா போகிறவள் இல்லை. தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியிலிருக்கும் மாம்பழ நிறச் சேலையை எடுத்துக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் பாகூரில் பஸ் ஏறுவாள். ஊசி குத்தி ரத்தம் உறிஞ்சப் போகிறவர்களுக்கு முன்னால் கனகாம்பரம் எதற்கு என்று புருஷன் இருசப்பன் கேட்பான். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பஞ்சப் பரதேசி மாதிரியா போவது என்று இவள் அவன் வாயை அடைப்பாள். அதோடு நின்றிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. மகராசி ரத்தத்தையும் அலங்காரம் பண்ணிக்கொண்டு போனாள். அங்கேதான் வந்தது வினை.

அலங்காரம் இப்படி. ஒரு வாரம் முன்னாலிருந்து பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கையில் இருந்தால் ஆட்டு ஈரல். இதெல்லாம் நிறத்துக்கு. கடைசி ரெண்டு தடவையாக, முந்தின நாள் சாயங்காலம் மரியதாஸிடம் ஒரு ஊசி. இது மினுக்குக்கு. மரியதாஸ் டாக்டர் இல்லை. எப்போதோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் செத்துப்போன பிறகும் ஊசியை மட்டும் கீழே வைக்காதவர். அதில் என்ன மருந்து இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் விடும், மூட்டு வலி ஓடும், ரெண்டு நாளைக்கு உடம்பு காற்றாய்ப் பறக்கும். ஊருக்கு அது போதும்.

ஏன் இந்த வேஷம் என்று கேட்டால், அது ஒரு முடி நாற்றுக்காக, கைப்பிடியில் அடங்கும் ஒரு கட்டுக்காக.

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் நடவு நடும் பதினான்கு பெண்கள் ஒரு கூட்டம். அதற்குத் தலைவி தனக்கொடி. இருபது வருஷம் அவள் கைதான் முதல் முடி நாற்றை வைத்தது. வலது ஓரத்தில் அவள் குனிந்தால் மற்றவர்கள் குனிவார்கள். அவள் கை போகிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நட்டுக்கொண்டிருக்கும்போது பாதி வயலில் கரையேறியவள், அது காய்ச்சலோ தலைசுற்றலோ எதுவானாலும், மறுபடி முதல் முடி வைக்கக் கூடாது. அந்தப் பருவம் முழுக்க வரிசையில் கடைசியில்தான் நிற்கவேண்டும். வழக்கத்தை உண்டாக்கியது யாரோ, கறாராக நடத்தியது தனக்கொடி. மகாலட்சுமி என்று ஒரு பெண், மூன்று மாதக் கர்ப்பம் கலைந்த மறு வாரமே வயலுக்கு வந்து, முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவளைக்கூடக் கடைசிக்குத்தான் அனுப்பினாள். ஈவிரக்கம் பார்த்தால் நடவு நடக்காது என்பது அவள் கட்சி.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் கொரோனா அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பதினெட்டு நாள் ஆக்ஸிஜன், அதில் ஆறு நாள் ஐசியூ. மூச்சு விடுவதே ஒரு கூலி வேலை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அவள் படுத்திருந்த வரிசையில் எட்டுப் பேர். வீடு வந்து சேர்ந்தது மூன்று பேர். பிழைத்ததே பெரிசு என்று இருசப்பன் நேர்ந்துகொண்டபடி மொட்டை போட்டான்.

பிழைத்தாள், சரி. ஆனால் உடம்பு அவள் சொல்பேச்சு கேட்கவில்லை. முன்பெல்லாம் காலில் முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். இப்போது சின்னதாய் ஒரு கீறல் பட்டால் கை முழங்கை வரைக்கும் வீங்கியது. சேற்றுப்புண் வந்தால் நெருப்பாய்க் காய்ச்சல் அடித்தது. அந்த வருஷச் சம்பா நடவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், பாதி வயலில் சேற்றிலேயே சாய்ந்தாள். தூக்கிக் கரையேற்றினார்கள். வழக்கம் வழக்கம்தானே, முதல் முடி விஜயராணி கைக்குப் போயிற்று.

விஜயராணியும் அதே மே மாதம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தவள்தான். வந்த மறு மாதமே வயலில் இறங்கிவிட்டாள். அவளுக்கும் அதே வியாதி, அவள் திடமாய்த்தானே இருக்கிறாள், உனக்கு மட்டும் என்ன என்று ஊர் கேட்டது. தனக்கொடி துரோகி உடம்பு என்று தன் உடம்பையே திட்டினாள். ஒரு வருஷம் போயிற்று. அடுத்த சம்பாவுக்கு விதை விட்ட அன்று விஜயராணியே ஒரு பேச்சு சொன்னாள்: "ரத்தம் எடுக்கறாங்களே அந்த டாக்டரம்மா, அவங்க வாயால நல்லாயிட்டன்னு சொல்லட்டும்க்கா. முத முடிய ஒங்கையில நானே குடுக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் தனக்கொடி பஸ் ஏறினாள். மறுநாள் காலை நடவு.

டாக்டரம்மாவின் பெயர் ரஞ்சனி. கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துப் பெண். அவள் அம்மா வனஜா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பாகூர்த் தெருக்களில் விற்றுப் படிக்கவைத்த பிள்ளை. கொரோனாவில் செத்துப் பிழைத்தவர்களின் ரத்தத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று ஒரு வருஷத்தில் நான்கு முறை எடுத்தாயிற்று. அதோடு முடியவேண்டியது. தனக்கொடியை மட்டும் ஐந்தாவது முறை கூப்பிட்டிருந்தாள். நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். நினைப்பில் என்ன குறை.

ரத்தம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து ரஞ்சனி ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நேத்து யார்கிட்ட ஊசி போட்டீங்க?"

"ஊசியா? இல்லியே."

"உங்க ரத்தம் வேற சொல்லுது. ஸ்டீராய்டு ஏத்தினா ஒரு வகை அணு ரத்தத்துல இருந்து காணாமப் போயிடும். உங்களுக்கு இன்னைக்கு சுத்தமா இல்ல. மே மாசமும் இல்ல. அப்பவே சந்தேகம். அதனாலதான் திரும்பக் கூப்பிட்டேன்."

தனக்கொடியின் முகம் வெளிறியது. அப்புறம் கோபம் வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம்.

"ஆமா, போட்டேன். இன்னா இப்ப? பெரியவங்கள பாக்கப் போவசொல்ல அழுக்கோடவா போவாங்க? ரத்தமும் பாக்க நல்லா இருக்கட்டும்னுதான். நீங்க நல்லாயிட்டன்னு ஒரு வார்த்த சொன்னா நாளைக்கு முத முடி எங்கையிக்கு வரும். இருபது வருஷமா வச்ச கைம்மா இது."

ரஞ்சனி திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை. ஐசியூவில் அதே மருந்தை நாங்களே கொடுத்தோம், அப்போது அது உயிரைப் பிடித்து நிறுத்தியது, இப்போது கண்டவர் கையால் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், அடிக்கடி போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு எழுந்தாள். "உள்ள வாங்க. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

உள் அறையில் ஏசி குளிர். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துத் திருகிவிட்டுப் பார்க்கச் சொன்னாள். தனக்கொடி ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் வெளிர் சிவப்பில் வட்டம் வட்டமாய் எத்தனையோ. அதன் நடுவே பெரிதாய் ஒன்று, உள்ளே ஊதா நிறத்தில் அவரை விதை போல் வளைந்த கரு.

"இது யாருது?"

"உங்களுதுதான். காவல்கார வெள்ளணு. கிருமி வந்தா மொதல்ல ஓடற கூட்டத்துல இதுவும் ஒண்ணு."

தனக்கொடி கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் பண்ணியும் முகம் பார்க்காதவர்களை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"அக்கா, ரத்தம் எங்க ஊறுது தெரியுமா?"

"ஈரல்ல."

"இல்ல. இங்க." ரஞ்சனி தன் நெஞ்சின் நட்டநடு எலும்பில் விரலை வைத்துக் காட்டினாள். "இந்த எலும்புக்குள்ள, இடுப்பெலும்புக்குள்ள. அங்க தாய் அணுக்கள் இருக்கு. ராத்திரி பகல் இல்லாம பெத்துக்கிட்டே இருக்கும். நீங்க பார்த்தீங்களே, இந்தக் காவல்காரங்க ரத்தத்துல ஒரு நாள், மிஞ்சிப்போனா ஒரு வாரம்தான் இருப்பாங்க. அப்படின்னா, நீங்க ஐசியூல கிடந்தப்ப உங்க ரத்தத்துல சண்டை போட்ட ஒருத்தர்கூட இப்ப அதுல இல்ல. இப்ப ஓடறதெல்லாம் போன வாரம், இந்த வாரம் பொறந்ததுங்க. அந்த வியாதியக் கண்ணால பார்க்காததுங்க."

"சரி."

"ஆனா அதுங்க எல்லாம் இன்னும் சண்டைக்குத் தயாரா நிக்குது. உங்க வயசுல, அந்த வியாதி வராதவங்க ரத்தம் அப்படி இல்ல."

தனக்கொடி நிமிர்ந்தாள். "பாக்காத வியாதிய அதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"தாய்."

ரஞ்சனி கம்ப்யூட்டரில் எதையோ திறந்தாள். கோடும் புள்ளியுமாக இருந்தது. பல ஆயிரம் அணுக்களில் ஒன்றிரண்டு தாய் அணு எலும்பை விட்டு ரத்தத்திலும் உலாவுமாம். அதைத் தேடிப் பிடித்துப் படிக்கிறார்களாம். சாதாரணமாக மூடிக்கிடக்க வேண்டிய சில இடங்கள் இவளுடைய தாய் அணுக்களில் திறந்தே இருக்கின்றனவாம். முதல் முறையிலும் அப்படி, இரண்டாவதிலும் அப்படி, ஒரு வருஷம் கழித்து ஊசி போட்டுக்கொண்டு வந்த மே மாதத்திலும் அப்படியே.

"ஊசிக்குக் காவல்காரங்க கொஞ்சம் அடங்கிட்டாங்க. ஆனா தாய் மறக்கலக்கா. பொறக்கற பிள்ளைக்கெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அனுப்புது."

தனக்கொடிக்குப் படிப்பு ஐந்தாவது. ஆனாலும் இது அவளுக்குப் புரிந்தது. யாருக்குப் புரியாவிட்டாலும் நடவுக்காரிக்குப் புரியும். "நாத்தங்கால்லயே மாறிப்போச்சு. அப்பறம் நட்ட வயல் பூரா அப்பிடித்தான வரும்" என்றாள். ரஞ்சனி அவளை வியப்போடு பார்த்து, இவ்வளவு சுருக்கமாக எங்கள் புரொபசருக்கே சொல்ல வராது என்றாள்.

"எப்ப மறக்கும்?"

"தெரியாது. என் காய்ச்சலுக்கு இதுதான் காரணமான்னு நீங்க கேட்டா அதையும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம். பதினஞ்சு நாள் எந்த ஊசியும் போடாம, மெய்யான ரத்தத்தோட வாங்க. அதைப் படிச்சாத்தான் கொஞ்சமாவது தெரியும். காய்ச்சல் வந்தா உடனே இங்க வாங்க, நாங்க பார்த்துக்கறோம். ஆனா நாளைக்குச் சேத்துல இறங்காதீங்கக்கா. நல்லாயிட்டீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

கேட்கவந்த வார்த்தை கிடைக்கவில்லை. அழவேண்டியதுதான். அழவும் செய்தாள், ஆனால் முதல் முடி போனதற்காக இல்லை. துரோகி, சோம்பேறி என்று ஒரு வருஷமாக இந்த உடம்பைத்தான் திட்டினாள். அதுவோ எலும்புக்குள்ளே கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறது. அவளைக் கொல்ல வந்தவன் திரும்ப வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. முள் குத்தினாலும் அவன்தான் வந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டுகிறது. போய்விட்டான் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. தனக்கொடி மைக்ராஸ்கோப்பைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ரஞ்சனி சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கை நெஞ்சு எலும்பை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்குள்ளும் இருட்டில் ஒரு கூட்டம் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கிறது, இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தபோது அவளுக்கு மெய் சிலிர்த்தது. கண்டக்டரைக்கூட அவள் மரியாதையோடு பார்த்தாள்.

பாகூரில் இறங்கியதும் மெய்சிலிர்ப்பு கொஞ்சம் தணிந்தது. நடவு ஞாபகம் வந்தது. மரியதாஸ் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா தனக்கொடி, நாளைக்கு நடவாமே? வா, ஒண்ணு போட்டுக்கினு போ. நாளு முச்சூடும் தாங்கும்."

தாங்கும். அது அவளுக்கும் தெரியும். டாக்டரம்மா நல்லாயிட்டன்னு சொல்லிட்டாங்க என்று ஒரு பொய், ஒரு ஊசி, அவ்வளவுதான். காலையில் முடி அவள் கையில். பொய்யை யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? உள்ளே போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையையும் மேலே தள்ளிக்கொண்டாள். மரியதாஸ் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தார்.

"இத்தப் போட்டா தாயி அடங்குமா?" என்று கேட்டாள்.

"யாரு தாயி? ஒங்க அம்மா செத்துத்தான் எத்தினியோ வருஷம் ஆச்சே?"

தனக்கொடி எழுந்துவிட்டாள். மரியதாஸ் ஊசியும் கையுமாக வாசல்வரை பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் வயலில் தண்ணீர் கட்டி நின்றது. நாற்று முடிகளை வீசிப் போட்டிருந்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார்கள். விஜயராணி சொன்ன சொல் மாறாதவள். ஒரு முடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்கக்கா?"

பதின்மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். முடி ஒரு கை தூரத்தில் இருந்தது. தனக்கொடி அதைத் தொடவில்லை.

"நல்லாவலடி" என்றாள்.

சொன்ன பிறகு மற்றதும் வந்தது. ஊசி போட்டு ஏமாற்றியதைச் சொன்னாள். பிடிபட்டதைச் சொன்னாள். ஊதா அவரை விதையைச் சொன்னாள். எலும்புக்குள் இருக்கும் தாயைச் சொல்லும்போது குரல் பழைய தலைவிக் குரலாகவே ஓங்கிற்று. "அது தூங்கலடி. எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா அது எனக்காவ தூங்கல. நாந்தான் அத்த அசிங்க அசிங்கமா திட்டிக்கினு கெடந்தேன்." ஒருத்தி தன் நெஞ்சு எலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு தனக்கொடி வரிசையின் கடைசியில் நின்ற மகாலட்சுமியைப் பார்த்தாள். "ஒன்னைய அன்னிக்குக் கடைசிக்குத் தள்ளனேன். ஒடம்பு முடியாதவள ஒடம்புக்காவ தண்டிச்சது பாவம்டி. என்னைய மன்னிச்சுடு." மகாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். தனக்கொடி விஜயராணி பக்கம் திரும்பினாள். "நீ எறங்கு விஜயா. நெலத்துக்காரரு பாக்கறாரு பாரு. முத முடிய வையி."

விஜயராணி இறங்கவில்லை. கையிலிருந்த முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாக வரப்பில் உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னாடி?"

இன்னும் தூக்கிச் செருகாத சேலையை விஜயராணி முழங்கால்வரை விலக்கிக் காட்டினாள். இரண்டு காலும் வீங்கித் தோல் பளபளத்தது. கட்டைவிரல் இடுக்கில் நகக்கண் அளவுக்கு ஒரு சின்னச் சேற்றுப்புண். அதைச் சுற்றி முழங்கால் வரைக்கும் சிவப்பு.

"எனக்கும்தான்க்கா."

"எத்தினி நாளா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து. நடவு நாள்ல வாரத்துக்கு ரெண்டு ஊசி. மரியதாஸ் அண்ணன்கிட்டதான். போடலன்னா எழுந்திரிக்கவே முடியாது."

அவள் உடம்பு உடம்பு, உன் உடம்பு என்ன மண்ணா என்று ஊர் கேட்டது இந்த உடம்பை வைத்துத்தான். "ஏண்டி பாவி எங்கிட்ட சொல்லல? ஒரே தெருவுல கெடக்கறோம்."

விஜயராணி நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். "சொன்னா நீதான கடைசிக்கு அனுப்பியிருப்ப" என்றாள்.

ஐசியூவில் மூச்சு முட்டியதை விடப் பெரிதாக முட்டியது அப்போதுதான். தனக்கொடி அவள் கையிலிருந்த முடியை வாங்கினாள். வாங்கிக் கொண்டுபோய் மகாலட்சுமி கையில் வைத்தாள். அந்தப் பெண் பயந்து எல்லோரையும் பார்த்தாள். யாரும் குறுக்கே பேசவில்லை. யாரோ குலவையிட்டார்கள். மகாலட்சுமி இறங்கிக் கிழக்கே பார்த்துக் குனிந்தாள். அவள் பின்னால் வரிசையாய் எல்லோரும் இறங்கினார்கள்.

தனக்கொடி கைகொடுத்து விஜயராணியை எழுப்பினாள்.

"எங்கக்கா?"

"கிருமாம்பாக்கம் பஸ்ஸுக்கு."

"இன்னிக்கா? நடவு அன்னிக்கா? காலெல்லாம் சேறு. சேலையப் பாரு. நாளைக்குக் குளிச்சிட்டு நல்லதாக் கட்டிக்கினு..."

"இப்பிடியேதான் வரணும். அந்தப் பொண்ணு இத்தத்தான் பாக்கணும்."

இருவரும் வரப்பில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தார்கள். பாதி தூரம் போனதும் விஜயராணி நின்றுவிட்டாள். வலி என்று நினைத்துத் தனக்கொடி அவளைத் தாங்கிப் பிடித்தாள். வலி இல்லை. விஜயராணி தன் மார்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, எதையோ கேட்பவள் போல் அசையாமல் நின்றிருந்தாள்.

"க்கா, எனக்குள்ளயும் அது தூங்காமத்தான் இருக்குமா?"

"இருக்கும்டி" என்றாள் தனக்கொடி. "நாம ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி பொய் சொல்லிக்கினு இருந்தப்ப, அதுங்க ரெண்டும் முழிச்சிக்கினுதான் இருந்திருக்கு."